அடுத்த ஏபிஎஸ்-சி கெமராக்கள்: என்ன வரும், மலையகத்துக்கு எது உதவும்?

மலைச்சாரல் (நுவரெலியா)

வணக்கம். ஏபிஎஸ்-சி, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிட (35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சர்) சின்னச் சென்சர் உள்ள கெமராக்களைப் பற்றிய இழை இது. கெனன் ஆர்7 வந்தது 2022 மே மாதத்தில். ஃபூஜி எக்ஸ்-டி5 அதே ஆண்டு நவம்பரில். சொனி ஏ6700 2023 ஜூலையில். இந்த மூன்றுக்கும் அடுத்தது எப்போது என்ற பேச்சு எங்கு பார்த்தாலும் ஓடுகிறது. நிக்கொன் இசட்50 டூ 2024 நவம்பரில் வந்தாலும், அதற்கு மேலே ஒன்று வரும் என்று நிக்கொனின் பழைய மேல்மட்ட மொடலான டி500ஐ வைத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

வதந்திப் பட்டியல்களை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கம்பனியும் இதுவரை நடந்துகொண்ட விதத்தை வைத்து எது வரக்கூடும் என்று பேசுவோம். வந்தால், மழையிலும் பனிமூட்டத்திலும் திரியும் நமக்கு அதில் எது பயன்படும் என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.

என் கருத்தை முதலில் வைக்கிறேன். அடுத்த மொடலில் மெகாபிக்சல் கூட வேண்டாம், சென்சரை வாசிக்கும் வேகம் கூட வேண்டும். ஆர்7இல் எலக்ட்ரோனிக் ஷட்டரில் வினாடிக்கு 30 படம் கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து முடிக்க அந்தச் சென்சருக்கு ஏறத்தாழ வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போகிறது. தேயிலை மலைக்கு மேலே தகைவிலான் சட்டென்று திரும்பும்போது எடுத்துப் பாருங்கள். இறக்கை ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். சென்சர் கீழ்ப்பகுதியை வாசிப்பதற்குள் பறவை நகர்ந்துவிடுகிறது.

சரி, மெக்கானிக்கல் ஷட்டருக்குப் போகலாம், வினாடிக்கு 15 படம், இழுப்பு இல்லை. ஆனால் சத்தம். விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக் குருவி பக்கத்திலேயே சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும்போது அந்தச் சத்தம் ஒன்றே போதும், புதருக்குள் போய்விடும்.

ஃபூஜி 2022இலேயே எக்ஸ்-எச்2எஸ்இல் ஸ்டாக்ட் சென்சர் (பின்புறத்தில் வேகமான சுற்றுகளை அடுக்கியது) கொடுத்துவிட்டது. 26 மெகாபிக்சல், வினாடிக்கு 40 படம், இழுப்பு மிகக் குறைவு. ஆகவே தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. வெளிவந்தபோது அதன் விலை 2,499 டொலர், ஆர்7 1,499 டொலர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கெமரா வருமா?

---

நானுஓயா தண்டவாளம்

வரும் அண்ணா. ஆனால் பொறுமை வேண்டும். மேல்மட்ட ஏபிஎஸ்-சி கெமரா எப்போதுமே பிந்தித்தான் வந்திருக்கிறது. கெனன் 7டி 2009இல் வந்தது, 7டி மார்க் 2க்கு 2014 வரை காத்திருந்தோம், பிறகு ஆர்7க்கு இன்னும் எட்டு வருடம். நிக்கொன் டி300எஸ் 2009, டி500 2016. சொனி ஏ6600 2019, ஏ6700 2023. ஃபூஜி மட்டும் எக்ஸ்-டி வரிசையை 2014, 2016, 2018, 2020, 2022 என்று ஒழுங்காக ஓட்டியது. அந்த ஒழுங்கும் எக்ஸ்-டி5க்குப் பிறகு குலைந்துவிட்டது.

காரணம் வெளிப்படையானது. காசு உள்ளவர் ஃபுல் ஃப்ரேமுக்கு ஏறட்டும் என்றுதான் கம்பனி நினைக்கிறது. கீழ்ப்பக்கம் பாருங்கள், ஆர்10, ஆர்50, ஆர்100 மூன்றையும் கெனன் ஒரே வருட இடைவெளிக்குள் இறக்கிவிட்டது. மேற்பக்கம் அந்த அவசரம் இல்லை.

சென்சர் பற்றி என் ஊகம்: முழு ஸ்டாக்ட் வராது, பகுதி ஸ்டாக்ட் வரலாம். நிக்கொன் 2024 ஜூனில் இசட்6 த்ரீயில் அதைத்தான் செய்தது. சென்சரின் முழுப் பின்புறத்திலும் வேகமான சுற்றுகளை அடுக்காமல் மேலும் கீழும் மட்டும் அடுக்குவது. செலவு குறைகிறது, வேகம் முழு ஸ்டாக்ட் அளவுக்கு வராவிட்டாலும் சாதாரண சென்சரைவிட நன்றாகக் கூடுகிறது. ஃபுல் ஃப்ரேமில் பழகிய முறை ஒரு தலைமுறை கழித்துச் சின்னச் சென்சருக்கு இறங்குவது இந்தத் துறையில் வழக்கம்தான்.

---

மலைச்சாரல்

தம்பி சொல்வது பொருந்துகிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இசட்6 த்ரீயில் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவு) எடுத்த படத்தின் இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கும்போது முந்தைய மொடலைவிடக் கொஞ்சம் கூடுதலாக இரைச்சல், அதாவது புள்ளிப் புள்ளியான கறை, தெரிகிறது. பறவைக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை, நாங்கள் ஐஎஸ்ஓ 1600க்குக் கீழே இறங்குவதே அரிது. விடியற்காலை ஹோர்டன் சமவெளியின் உலக முடிவுப் பாறை விளிம்பில் நின்று, ஒளிரும் வானத்தையும் கருத்த பள்ளத்தாக்கையும் ஒரே படத்தில் பிடிப்பவர்களுக்கு அது முக்கியம். நிலக்காட்சிக்காரர்கள் அதையும் கணக்கில் எடுங்கள்.

---

பண்டாரவளை ஸ்டூடியோ

நான் பறவை எடுப்பதில்லை. கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோயில் தேர், மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து. என் வேலைக்கும் மலைச்சாரல் சேர் சொல்லும் வாசிப்பு வேகம்தான் முதல் தேவை. காரணம் வேறு.

இப்போது கோயிலிலும் மண்டபத்திலும் எல்லாம் எல்ஈடி. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். சென்சர் ஒரு படத்தை வாசிக்க வினாடியில் முப்பதில் ஒரு பங்கு எடுத்தால் அதற்குள் விளக்கு மூன்று தடவை மங்கிவிடுகிறது. படத்தின் குறுக்கே மூன்று கருப்புப் பட்டை. மணமகளின் முகத்தில் ஒரு பட்டை விழுந்தால் அந்தப் படத்தை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருத்த முடியாது. தாலி கட்டும் நேரம் திரும்ப வராது.

இரண்டாவது, நினைவக அட்டை போடும் இடம் இரண்டு வேண்டும். ஆர்7இல் இரண்டு இருக்கிறது, எக்ஸ்-டி5இலும் இருக்கிறது. ஏ6700இல் ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பவன் ஒற்றை அட்டையை நம்பி மண்டபத்துக்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்த சொனியில் இரண்டாவது அட்டை வராவிட்டால் மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

கூத்துக்கு வேண்டியது லென்ஸ். லயத்துக்கு முன்னால் திறந்த வெளியில், தீப்பந்தமும் இரண்டு குழல் விளக்கும் மட்டும் இருக்கும் இடத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவார்கள். எஃப் 4 லென்ஸ் அங்கே உதவாது, எஃப் இலக்கம் கூடக்கூட லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும். சிக்மா 2025இல் 17-40 மி.மீ. எஃப் 1.8 கொண்டுவந்தது எனக்கு எந்தக் கெமரா அறிவிப்பையும்விடப் பெரிய செய்தி. கெனன் ஆர்எஃப், சொனி ஈ, ஃபூஜி எக்ஸ் என்ற மூன்று லென்ஸ் மவுண்டுக்கும் கிடைக்கிறது. கெனன் 2024 ஏப்ரலில் சிக்மாவுக்கும் டாம்ரனுக்கும் ஏபிஎஸ்-சி லென்ஸ் செய்ய வழி திறந்துவிட்டது. அது நடந்திராவிட்டால் ஆர்7க்கு அடுத்ததைப் பற்றி நான் யோசித்தே இருக்கமாட்டேன்.

---

ஹப்புத்தளைக் காற்று

எல்லோரும் வெளிச்சம் போதாது என்கிறீர்கள். அப்படியானால் ஏன் ஏபிஎஸ்-சி? ஃபுல் ஃப்ரேம் சென்சரின் பரப்பு இரண்டே கால் மடங்குக்கு மேல். ஒரு ஸ்டொப்புக்குக் கூடவே, அதாவது இரண்டு மடங்குக்கு மேல், வெளிச்சம் வாங்கும். பாவித்த ஃபுல் ஃப்ரேம் கெமரா புதிய ஏபிஎஸ்-சி விலைக்கே கிடைக்கிறது. லிப்டன் சீட் மலையுச்சியில் பனி ஏறும் நேரத்தில் நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

---

மலைச்சாரல்

நிலக்காட்சிக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. கூத்துக்கும் சரி. பறவைக்குக் கணக்கு வேறு, அதை விளக்க அனுமதி தாருங்கள்.

நீங்கள் சொல்லும் அந்த ஒரு ஸ்டொப், பெரிய சென்சர் முழுவதையும் காட்சியால் நிரப்பினால்தான் கிடைக்கும். பட்டிப்பொல பக்கம் மரத்தின் உச்சியில் மஞ்சள் காதுப் புல்புல் உட்கார்ந்திருக்கிறது, உங்களிடம் இருப்பது 400 மி.மீ. லென்ஸ். எந்தக் கெமராவில் போட்டாலும் அந்தப் பறவையின் உருவம் சென்சரில் விழும் அளவு ஒன்றுதான். அதன் மேல் விழும் வெளிச்சமும் ஒன்றுதான். ஃபுல் ஃப்ரேமில் சுற்றியுள்ள வெறும் பனிதான் கூடுதலாக விழுகிறது, அதை வீட்டுக்கு வந்து வெட்டி எறிகிறீர்கள். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமைக் கெனன் ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 17 மெகாபிக்சல். ஆர்7 அதே இடத்தில் 32 கொடுக்கிறது.

அந்த நன்மையை ஃபுல் ஃப்ரேமில் பெற 600 மி.மீ. தூக்க வேண்டும். நிக்கொன் 180-600 ஏறத்தாழ இரண்டு கிலோ. கெனன் 200-800உம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கெனன் 100-400 வெறும் 635 கிராம், சொனி ஏபிஎஸ்-சிக்கென்று செய்த 70-350 625 கிராம். வாகனத்தில் போய் இறங்குபவருக்கு இது சின்ன வித்தியாசம். ஓஹியாவில் ரயிலை விட்டு இறங்கி ஹோர்டன் சமவெளிக்கு ஏறி நடப்பவருக்கு அது ஒரு நாளின் தலைவிதி.

இதனால்தான் மெகாபிக்சல் கூட வேண்டாம் என்கிறேன். ஆர்7இன் ஒவ்வொரு பிக்சலும் 3.2 மைக்ரோன் அளவு. அந்த அளவில் எஃப் 5.6ஐத் தாண்டும்போதே ஒளியின் விளிம்பு விளைவு (லென்ஸின் சின்ன வாயில் ஒளி வளைந்து பரவுவது) நுணுக்கத்தைத் தின்னத் தொடங்குகிறது. நம் கைக்கு எட்டும் லென்ஸ்கள் எஃப் 8, எஃப் 9. அதற்குப் பின்னால் 40 மெகாபிக்சல் வைத்தால் அட்டையும் ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பும், இறகின் வரி கூடாது. அதே 32ஐ வைத்துக்கொண்டு வாசிப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்தாலே போதும், நான் காசு சேர்க்கத் தொடங்கிவிடுவேன்.

---

கண்டிக் குறிஞ்சி

மலைச்சாரல் அண்ணா சொன்ன எஃப் 8 விஷயத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் ஆர்7இன் ஃபோகஸ் மைனஸ் 5 ஈவி (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருட்டிலும் பிடிக்கும் என்று வரும். அது எஃப் 1.2 லென்ஸோடு அளந்த கணக்கு. எஃப் 8 லென்ஸைப் பொருத்தினால் சென்சருக்குப் போகும் வெளிச்சம் ஐந்தரை ஸ்டொப் குறைகிறது. விசிலிங் திரஷ் விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் நீரோடைப் பக்கம் வெளியே வரும். அந்த நேரத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவது எல்லோருக்கும் தெரிந்த வேதனை.

பனிமூட்டம் இன்னும் மோசம். இருட்டில் வெளிச்சம் குறைவு, பனியில் வெளிச்சம் இருந்தும் கொன்ட்ராஸ்ட் இல்லை. ஃபோகஸ் பிடிப்பதற்கு ஒரு விளிம்பு வேண்டும், பனி விளிம்பை அழித்துவிடுகிறது. முன்னால் இருக்கும் கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் பறவையை விட்டுவிடும்.

ஆகவே அடுத்த மொடல்களில் நான் எதிர்பார்ப்பது உருவத்தை அடையாளம் காணும் திறன் மேம்படுவதை. ஏ6700இல் சொனி இதற்கென்று தனிச் செயலி (கணிப்புச் சில்லு) வைத்தது, பூச்சியைக்கூட அடையாளம் காணும். நிக்கொன் இசட்50 டூவில் பெரிய கெமராக்களில் வரும் எக்ஸ்பீட் 7 செயலியைப் போட்டு, பறவைக்குத் தனித் தெரிவும் வைத்தது. 909 டொலர் கெமராவில் அது வந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கெனனும் ஃபூஜியும் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பாதி மறைந்த பறவை, பனிக்குள் மங்கிய பறவை, அதைப் பிடிக்கிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல்.

முன்கூட்டியே பதியும் வசதியும் ஒன்று. ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு அரை வினாடி முன்னாலேயே நடந்ததை ஆர்7 ரோவாக (பதப்படுத்தாத மூலக் கோப்பாக) சேமிக்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டிவிடும், பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஆர்5 மார்க் 2இல் தனித்தனிக் கோப்பாகவே வருகிறது. அடுத்த ஆர்7 வகையில் இது இறங்கி வரும் என்று நம்பிக்கையோடு சொல்வேன்.

---

கொழுந்துமலை (தலவாக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே புதியவன். தோட்டத்தில்தான் இருக்கிறேன், ஆசிரியர் பயிற்சி முடித்துப் பாடசாலையில் வேலை செய்கிறேன். மாமா ஸ்டூடியோவை மூடும்போது தந்த கெனன் 7டியும் 55-250 லென்ஸும் என்னிடம் உண்டு. பறவைகளும் மந்திகளும் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நம் மலையில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஒரு படத்தொகுப்பு செய்வது என் எண்ணம்.

நீங்கள் பேசும் விலைகளைப் பார்த்தால் எனக்குத் தூரமாக இருக்கிறது. 1,499 டொலரை 300 ரூபாய் வைத்துப் பெருக்கினாலே நாலரை இலட்சம். புதிய மொடலுக்காகக் காத்திருப்பதா, ஆர்7 விலை இறங்கும்வரை காத்திருப்பதா, இப்போதே பாவித்த ஆர்10 எதையாவது வாங்குவதா? யாராவது வழி சொல்லுங்கள்.

---

நானுஓயா தண்டவாளம்

வரவேற்கிறோம் சேர். உங்கள் கணக்கில் வரியைச் சேருங்கள், 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டுமே 18 சதவீதம். ஆர்7 அறிவிக்கப்பட்ட நேரத்தில் டொலர் 360 ரூபாய்ப் பக்கம் நின்றது. அதே வருடத் தொடக்கத்தில் 200. மூன்று இலட்சத்துக்கு வந்திருக்க வேண்டிய பெட்டி ஐந்தரை இலட்சத்தைத் தொட்டதற்குக் கெமரா காரணமில்லை. ஆகவே அடுத்த மொடல் என்ன விலைக்கு வரும் என்று யார் சொன்னாலும், இங்கே அது ரூபாயின் கதை.

புதிய மொடல் வந்தவுடன் பழையதை விற்பவர்கள் கூடுவார்கள். அந்த இரண்டு மூன்று மாதம்தான் வாங்குபவருக்கு நல்ல காலம்.

---

மஸ்கெலியா மழை

நான் சிவனொளிபாதமலைப் பருவத்தில் படம் எடுப்பவன். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை. எனக்கு ஸ்டாக்ட் சென்சர் வேண்டாம். மூன்று விஷயம் வேண்டும்: பற்றரி, நீர்க்காப்பு, கையில் நடுக்கம் தாங்கும் சென்சர்.

இரவு முழுக்கப் படியேறி உச்சிக்குப் போகும்போது குளிரில் பற்றரி வேகமாக இறங்கும். உதிரிப் பற்றரியை உடம்போடு சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28இலிருந்து விற்கும் புதிய கெமராவில் யுஎஸ்பி-சி இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆகவே இனி வரும் எந்த மொடலாக இருந்தாலும் பவர் பேங்கில் ஏற்றலாம் என்று துணிந்து சொல்லலாம். பெட்டிக்குள் சார்ஜர் இல்லாமல் வருவதும் அதனால் கூடும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

நீர்க்காப்பில் கம்பனிகள் சொல்வது தெளிவாக இல்லை. தூசியும் ஈரமும் தாங்கும் என்று பொதுவாக எழுதிவிட்டு, பொறுப்பேற்கமாட்டோம் என்று கீழே சின்ன எழுத்தில் போடுகிறார்கள். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1க்கு ஐபி53 என்று, தூசியும் நீரும் எவ்வளவு தாங்கும் என்பதை இலக்கத்தில் சொல்லும் தரச் சான்றையே எழுதிக் கொடுத்தது. அது ஏபிஎஸ்-சியைவிடச் சின்னச் சென்சர், சரி. ஆனால் அந்த நேர்மையை மற்றவர்களிடமும் எதிர்பார்க்கிறேன். மே தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழை ஓயாது. எவ்வளவு மழை தாங்கும் என்று இலக்கத்தில் சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

அத்தோடு, கெமரா காப்பு இருந்தால் போதாது. கெனன் 100-400 மலிவும் இலேசும்தான், ஆனால் நீர்க்காப்பு இல்லை. சொனி 70-350க்கும் ஃபூஜி 70-300க்கும் இருக்கிறது. ஏபிஎஸ்-சிக்கென்று நீர்க்காப்புள்ள நீண்ட லென்ஸ் ஒன்றைக் கெனன் கொண்டுவராமல் ஆர்7க்கு எத்தனை மார்க் போட்டாலும் மலையில் அது பாதிக் கெமராதான்.

---

மாத்தளைத் தேர்

ஃபூஜி பற்றி யாரும் ஆழமாகப் பேசவில்லையே. எக்ஸ்-டி5 வைத்திருக்கிறேன். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் எங்கள் தெருவால் வரும்போது ஐந்து தேரும் சனமும் புகையும் நிறமுமாக இருக்கும். அந்த நிறத்தைக் கெமராவிலிருந்தே நேராக எடுத்துக் கொடுக்கலாம், கணினியில் உட்கார வேண்டியதில்லை. ஃபூஜிக்காரர் ஃபூஜியை விடாததற்கு அதுதான் காரணம்.

அடுத்த எக்ஸ்-டி பற்றி என் ஊகம்: 40 மெகாபிக்சல் அப்படியே இருக்கும், செயலி மாறும். இப்போதைய ஐந்தாம் தலைமுறைச் செயலி 2022இல் எக்ஸ்-எச்2எஸ்ஸோடு வந்தது. அதன் பிறகு வந்த எக்ஸ்100 ஆறு, எக்ஸ்-டி50, எக்ஸ்-எம்5, எக்ஸ்-இ5 எல்லாம் அதையே பாவித்தன. அதனால் புதிய செயலியை அடுத்த பெரிய மொடலில்தான் இறக்குவார்கள் என்று நினைக்கிறேன். ஓடும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிப்பதில் சொனியும் கெனனும் முன்னால் நிற்கின்றன என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். புதிய செயலி அந்த இடைவெளியை அடைத்தால் போதும், டயல்களில் கைவைக்காமல் இருந்தால் சரி.

---

டிக்கோயா விடியல்

ஒரு வசதி பற்றி மட்டும் பேச வந்தேன். ஜிபிஎஸ். கெனன் 7டி மார்க் 2இல் கெமராவுக்குள்ளேயே ஜிபிஎஸ் இருந்தது. இப்போது பெரும்பாலும் தொலைபேசியோடு இணைத்து இடத்தைப் பதிகிறார்கள். அடுத்த மொடல்களில் மறுபடி உள்ளேயே வரவேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் பலர் கேட்கிறார்கள்.

எங்கள் பக்கம் தேயிலைக்குள்ளும் பைனஸ் காட்டிலும் சிறுத்தை நடமாடுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் இறந்துபோனது. ஒரு படத்தோடு சேர்ந்து இடமும் இணையத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். சிறுத்தைக்கும் ஆபத்து, அந்தப் பாதையால் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கும் தொல்லை. ஜிபிஎஸ் வரட்டும், ஆனால் பெட்டியைத் திறக்கும்போது அது அணைந்தே இருக்க வேண்டும். படம் போடுகிறவர்கள் தோட்டத்தின் பெயரையும் போடாதீர்கள். தயவுசெய்து.

---

கண்டிக் குறிஞ்சி

டிக்கோயா அண்ணா சொன்னதை இந்த இழையின் மேலேயே ஒட்டி வைக்கலாம்.

வாங்கும் இடம் பற்றியும் ஒன்று. புதிய மொடல் வந்த முதல் வாரங்களில் உத்தரவாதம் இல்லாத பெட்டிகள் பல வழியாக உள்ளே வரும். என் முந்தைய கெமராவை அப்படித்தான் ஒரு கடையில் வாங்கினேன். ஷட்டர் பழுதானபோது கடைக்காரர் கொடுத்த உத்தரவாத அட்டை அந்தக் கடைக்கு வெளியே எங்கும் செல்லவில்லை, திருத்தும் செலவு முழுதும் என் கையிலிருந்து போனது. தொடர் இலக்கத்தைக் கம்பனியின் உள்ளூர் முகவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே காசைக் கொடுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்கினால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் ஈரப்பதத்தில் பங்கஸ் பிடித்த லென்ஸ் நிறைய. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், தோல் பைக்குள் அலுமாரியில் வைக்கவே வேண்டாம்.

---

ஹப்புத்தளைக் காற்று

மலைச்சாரல், பறவைக்கு உங்கள் கணக்கை ஏற்கிறேன். 400க்கு மேல் தூக்காதவருக்கு ஏபிஎஸ்-சிதான். நிலக்காட்சிக்கு நான் ஃபுல் ஃப்ரேமிலேயே நிற்கிறேன்.

நிக்கொன் பற்றி ஒரு வார்த்தை. டி500இல் 2016இல் வந்த 20.9 மெகாபிக்சல்தான் டி7500, இசட்50, இசட் எஃப்சி, இசட்30, இசட்50 டூ எல்லாவற்றிலும். இவற்றில் ஒரு இசட் கெமராவிலும் சென்சர் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை. இவ்வளவு நல்ல ஃபோகஸைச் செய்துவிட்டு அந்த ஒன்றை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கோபமே வருகிறது. டி500க்கு வாரிசு வந்தால் அதில் புதிய சென்சரும் நடுக்கம் தாங்குவதும் இரண்டும் சேர்ந்துதான் வரும், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

---

மலைச்சாரல்

கொழுந்துமலை தம்பிக்கு நான் சொல்லும் வழி இது. கெமராவுக்கு அவசரப்பட வேண்டாம், லென்ஸை முதலில் வாங்குங்கள். உங்கள் 7டிக்குப் பொருந்தும் கெனன் ஈஎஃப் 400 மி.மீ. எஃப் 5.6 பழைய லென்ஸ், 1993இல் வந்தது. பாவித்தது தேடினால் கிடைக்கும். 1,250 கிராம், கையில் தூக்கலாம். 400இல் புதிய 100-400ஐவிட ஒரு ஸ்டொப் வெளிச்சம் கூட. அதில் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை, இப்போதைக்கு ஒற்றைக்கால் தாங்கியில் வைத்து எடுங்கள். நாளைக்குப் பாவித்த ஆர்7 கைக்கு வரும்போது சென்சரே நடுக்கத்தைத் தாங்கும், அந்தக் குறை பெருமளவு தீரும்.

ஆர்10 வேண்டாம் என்பேன். அதில் சென்சர் நடுக்கம் தாங்காது, இந்த லென்ஸோடு சேராது.

---

கொழுந்துமலை

மிகவும் நன்றி அண்ணா. ஈஎஃப் லென்ஸை ஆர்7இல் போட அடப்டர் வேண்டும் அல்லவா? ஃபோகஸ் மெதுவாகுமா?

---

பண்டாரவளை ஸ்டூடியோ

என் ஈஎஃப் லென்ஸ்களை அப்படித்தான் பாவிக்கிறேன் சேர். கெனனின் சொந்த ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடப்டரையே வாங்குங்கள், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை, படத்தின் தரம் குறையாது. ஃபோகஸ் 7டியைவிட நன்றாகவே பிடிக்கும். அதில் 19 புள்ளிகள், இதில் சட்டகத்தின் பெரும்பகுதியும் ஃபோகஸ் பிடிக்கும் இடம்தான். பழைய லென்ஸ்கள் எல்லாவற்றிலும் வினாடிக்கு 15 படம் என்ற முழு வேகம் வராது, லென்ஸைப் பொறுத்துக் குறையும். பறவை கிளையில் இருக்கும்போது அது உங்களுக்குத் தடையாகாது. லென்ஸ் பார்க்கப் போகும்போது 7டியையும் கொண்டுபோய், கடை வாசலில் நின்று தூரத்துக் கம்பத்தை எஃப் 5.6இலேயே எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரிக் கூர்மையாக இருந்தால் வாங்கலாம்.